டேக் போடும் மலைப் பிள்ளைகளுக்கு

சென்னையிலும் புதுச்சேரியிலும் கோவையிலும் உட்கார்ந்து வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு எக்ஸ்எம்எல் டேக் போட்டுக்கொண்டிருக்கும் நீலகிரித் தம்பி தங்கைகளே,

உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் சோலூரிலிருந்து எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சண்டை போடவேண்டியிருக்கிறது.

ஒரு ஷிஃப்ட் முழுக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பல வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்தவன் நான். எங்கோ ஒரு நாட்டில் யாரோ எழுதிய கல்லீரல் கட்டுரை வரும். அதன் கடைசியில் நூற்றைம்பது மேற்கோள் நூல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆசிரியரின் குடும்பப்பெயருக்கு ஒரு டேக், முன்பெயருக்கு ஒரு டேக், தொகுதி எண்ணுக்கு, பக்க எண்ணுக்கு, ஆண்டுக்குத் தனித்தனியே டேக். ஒன்றை மூட மறந்தால் பார்சர் கத்தும். பார்சர் விட்டாலும் க்யூசி விடாது. முகம் தெரியாத ஒருவரின் அடிக்குறிப்புக்கு இத்தனை மரியாதை செய்கிறீர்கள். உங்கள் பாட்டி சொன்ன கதையோ, வாட்ஸ்அப்பில் பெயரில்லாத ஓர் ஒலிக்கோப்பாகக் கிடக்கிறது. யார் பேசியது, எந்த ஹட்டி (படுகர் ஊர்), எந்த வருஷம் என்று ஒரு வரிகூட அதனுடன் இல்லை. போன் மாற்றும்போது அதுவும் போகும். பலருக்குப் போயே விட்டது.

நம் படுகப் பேச்சைச் சேர்த்துவைக்க யாருமே முயலவில்லை என்று சொல்லமாட்டேன். முயல்கிறார்கள், அதுவும் ஆசையாக. சொல் சேகரிக்க என்றே வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. காலையில் ஒருவர் ஒரு சொல்லைப் போடுவார். மத்தியானத்துக்குள் அதை எப்படி எழுதுவது என்பதில் அடிதடி. சாயங்காலம் ஒரு நல்ல மனிதர் அதையெல்லாம் எக்செல்லில் ஏற்றுவார்: படுக மொழிக்கு ஒரு நெடுவரிசை, தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. ஏற்றும்போது பக்கத்துச் சீமைக்காரர் சொன்ன வடிவத்தைத் தன் ஹட்டி வழக்குக்கு மாற்றி, ‘திருத்தி’ வைப்பார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை, சரிசெய்வதாகவே நினைக்கிறார். ஆனால் நாக்கு பெட்டம் என்று நாம் சொல்லும் இந்த மலையின் நான்கு சீமைகளிலும் பேச்சு ஒரே அச்சில் இல்லை என்பதற்கான சாட்சி அந்த இடத்தில் அழிகிறது. பிறகு அந்தக் கோப்பு பிடிஎஃப் ஆகிறது. அதிலிருந்து எதையும் திரும்ப எடுப்பது எவ்வளவு பாடு என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

வெளியிலிருந்து வரும் ஆய்வு மாணவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வருகிறார்கள், வராந்தாவில் உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள், டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆய்வேடு ஏதோ ஒரு நூலகத்தின் அலமாரியில் ஏறுகிறது. பதிவுகள் ஒரு ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன. கேட்டால், பட்டம் வாங்கியபின் ஆளே வேறு வேலையில் இருக்கிறார். அவர்களுக்கு வேறொரு மடல் எழுதிக்கொள்ளலாம். இப்போது உங்களிடம்தான் பேச்சு, ஏனென்றால் கைத்தொழில் உங்களிடம் இருக்கிறது.

முன்னால் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்த மொழியியலாளர் மரே எமனோ, தோட மொழியையும் கோத்த மொழியையும் படுக மொழியையும் இந்த மலையிலேயே கேட்டு எழுதினார். கோத்த மொழியில் அவருக்குக் கதைகள் சொன்னவர் கொல்லிமலைக் கோக்கால் என்ற கோத்தர் ஊரைச் சேர்ந்த சுள்ளி. தன் சமூகத்தில் சீர்திருத்தம் பேசி எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்ட மனிதர் அவர். மானிடவியலாளர் டேவிட் மண்டெல்பாம் அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். சுள்ளி சொல்லச் சொல்ல எழுதிய கதைகள், 1944 முதல் 1946 வரை கலிஃபோர்னியா பல்கலைக்கழக வெளியீடாக நான்கு பகுதிகளாக வந்தன. எமனோ தொகுத்த தோடர் பாடல்கள் 1971இல் வந்தன. தாமஸ் பர்ரோவும் எமனோவும் சேர்ந்து செய்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961இல் வந்து, 1984இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. படுக மொழிக்குப் பால் ஹாக்கிங்ஸும் கிறிஸ்தியான் பிலோ-ரைஷூரும் தொகுத்த பெரிய அகராதி 1992இல் வெளியானது.

இந்த அகராதிகளில் ஒரு பக்கத்தைத் திறந்தால் உங்கள் கண்ணுக்கு உடனே ஒன்று படும். தலைச்சொல்லுக்கு ஓர் அச்சுமுறை, பொருளுக்கு ஒன்று, குறிப்புக்கு ஒன்று, கோத்த மொழிக்கு ஒரு சுருக்கக் குறி, தோட மொழிக்கு ஒன்று. எல்லாமே டேக்தான். மனிதக் கண்ணுக்குப் புரிகிற டேக். அச்சுக்கோலத்தைப் பார்த்து ‘இது ஆசிரியர் பெயர், இது இதழின் பெயர்’ என்று பிரிக்கிற அதே கண்தான் இதற்கும் வேண்டும். சொற்பிறப்பு அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறார்கள், அதனால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. அந்தப் பாக்கியம் இல்லாதவை நூலகத்தில் தூசி தின்கின்றன.

இனி தொழில் பேசுவோம். இதழ்க்கட்டுரை டேக்கிங்குக்கும் சொல் டேக்கிங்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கட்டுரையில் ஆசிரியர் பெயர் ஆசிரியர் பெயர்தான், அதில் இரண்டு கருத்து கிடையாது. சொல்லில் அப்படியில்லை. ஒருவர் வாயிலிருந்து வந்த வடிவம் சாட்சி. அதை நாம் எப்படிப் பிரிக்கிறோம் என்பது நம் அபிப்பிராயம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால், நாளைக்கு அபிப்பிராயம் மாறும்போது சாட்சியும் கெட்டுப்போகும்.

பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மார்க் வாங்கியவர்கள்தானே நீங்கள்? பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் ஆறு உறுப்பு சொல்கிறது. அந்த ஆறும் எலிமென்டுக்கும் அட்ரிப்யூட்டுக்கும் ஏற்ற பெயர்கள் என்று எந்தத் தமிழாசிரியரும் நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘வந்தான்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்எம்எல்லில் எலிமென்ட் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பார்சர் ஒன்றும் சொல்லாது:

<சொல்>
  <வடிவம்>வந்தான்</வடிவம்>
  <பகுப்பு வழி="நன்னூல்">
    <பகுதி விகாரம்="வ">வா</பகுதி>
    <சந்தி விகாரம்="ந்">த்</சந்தி>
    <இடைநிலை காலம்="இறப்பு">த்</இடைநிலை>
    <விகுதி பால்="ஆண்">ஆன்</விகுதி>
  </பகுப்பு>
  <பகுப்பு வழி="தற்காலம்">
    <உருபன்>வ</உருபன்>
    <உருபன் காலம்="இறப்பு">ந்த்</உருபன்>
    <உருபன் பால்="ஆண்">ஆன்</உருபன்>
  </பகுப்பு>
</சொல்>

வடிவம் ஒன்று, பகுப்பு இரண்டு. மரபிலக்கணக்காரர் ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம் என்பார். மொழியியல் படித்தவர் ‘ந்த்’ முழுவதுமே இறந்தகால உருபன் என்பார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை கோப்புக்கு இல்லை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, எது யாருடையது என்று எழுதிவைத்தால் போதும். மூன்றாவதாக ஒருவர் வந்தால் அவருக்கும் இடம் இருக்கிறது. எக்செல்லில் இதைச் செய்ய முயன்று பாருங்கள், நெடுவரிசைகள் வால்போல் வளர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்றையும் அந்த எடுத்துக்காட்டில் கவனித்திருப்பீர்கள். ‘வந்தான்’ என்ற எழுத்துக் கோவைக்கு நடுவில் நான் எங்கும் டேக் போடவில்லை. போடவும் முடியாது. இடைநிலை ‘த்’ முடிந்து விகுதி ‘ஆ’ தொடங்குகிற இடம், ‘தா’ என்ற ஒரே உயிர்மெய்க்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லுக்கு நடுவே டேக்கைச் செருகிப் பழகிய கை, இங்கேயும் செருகினால் கால்குறி தனியாகத் தொங்கி, திரையில் புள்ளிவட்டம் ஒன்று முழிக்கும். ஆகவே வடிவத்தை முழுதாக ஒரு எலிமென்டில் வையுங்கள். பகுப்பை அதன் கீழே தனி அடுக்காக வையுங்கள், அல்லது வேறு கோப்பில் வைத்து ஐடி கொண்டு சுட்டுங்கள். எக்ஸ்எம்எல்லில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கலாமே தவிர, இரண்டு எலிமென்ட் குறுக்கே வெட்டிக்கொள்ளக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாட்டில் வரும் அடியும் வாக்கியமும் ஒன்றையொன்று வெட்டும்போது இந்தச் சுட்டும் வழிதான் கைகொடுக்கும்.

எழுத்து விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தமிழ் எழுத்தில் நம் பேச்சை எழுதுவது சௌகரியம்தான், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் திருவிழாவைக் குறிக்கும் நம் சொல்லை ‘ஹப்ப’ என்று எழுதினால் கீழ்நாட்டுக்காரர் ‘அப்பா’வில் வரும் வல்லோசையோடு படிப்பார். நாம் சொல்வதோ மெல்லிய ஓசை, அதைக் காட்டத் தமிழில் எழுத்து இல்லை. படுக மொழியின் உயிரொலிகளில் நாக்கு மடிந்து வரும் வகைகள் உண்டென்றும், அந்த மடிப்பிலும் இரண்டு அளவு உண்டென்றும் எமனோ 1939இல் எழுதினார். இன்று பலருடைய பேச்சில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. யாரிடம் மங்கியது, யாரிடம் இன்னும் இருக்கிறது என்பதை, பேசியவரின் வயதும் ஊரும் இல்லாமல் எப்படிச் சொல்வது? தோட மொழிக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். அதில் நாக்கு அதிரும் ரகர ஒலிகள் மட்டும் ஆறு. நம்மிடம் இருப்பது ர, ற என்ற இரண்டுதான். ஆகவே ஒரு சொல்லுக்குத் தமிழ் எழுத்தில் ஒரு வடிவம், சர்வதேச ஒலிக்குறியில் ஒரு வடிவம், விரும்பினால் கன்னட எழுத்தில் ஒன்று என்று அடுக்கி, கூடவே ஒலிக்கோப்பில் அந்தச் சொல் தொடங்கும் நொடியையும் குறித்துவையுங்கள். எந்த எழுத்தில் எழுதுவது என்று வாட்ஸ்அப்பில் நடக்கும் சண்டை இதோடு முடிந்துவிடும் என்று நம்பவில்லை. கோப்புக்குள் வராது, அது போதும்.

சோலூர் என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் போடலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் பல கருவிகளில் தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது. பழைய ஃபாண்ட் கோப்புகளிலிருந்து மாற்றியவற்றில் இந்தக் கூத்து நிறைய. கோப்பைச் சேர்க்கும்போதே எல்லாவற்றையும் ஒரே முறைக்கு நார்மலைஸ் செய்துவிடுங்கள். யூனிகோடு வருமுன் ஆளுக்கொரு ஃபாண்டில் அடித்த தமிழ் இன்று வெறும் கிறுக்கலாக நிற்பதைப் பார்த்தும் நமக்குப் புத்தி வராவிட்டால் எப்போது வரும்?

‘நீங்கள் சொல்லும் டேக்கெல்லாம் உங்கள் சொந்தச் சரக்கு, நாளைக்கு யார் மதிப்பார்கள்?’ என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. மேலே தமிழில் காட்டியது புரிவதற்காக. சேர்த்துவைக்கும்போது உலகம் ஒத்துக்கொண்ட அமைப்பில் வைப்போம். எக்ஸ்எம்எல் 1998இல் வந்தது. அதற்கு முன்பே, 1987இல், நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் கணினியில் ஏற்றுவதற்கான பொதுவிதி வகுக்க டிஈஐ என்ற கூட்டு முயற்சி தொடங்கிவிட்டது. அதன் ஐந்தாம் வடிவம் 2007 முதல் நடப்பில் இருக்கிறது. அகராதிக்கென்று அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. வடிவம், எழுத்து, ஒலிப்பு, இலக்கணம், பொருள் எல்லாவற்றுக்கும் எலிமென்ட் இருக்கிறது. இலக்கணக் கூறுகளைப் பெயரும் மதிப்புமாக அடுக்க இன்னொரு அத்தியாயம். சொற்களஞ்சியங்களுக்கான ஐஎஸ்ஓ தரமும் 2008இலேயே வந்துவிட்டது. எல்லா டேக்கையும் கையால் அடிக்கவும் தேவையில்லை. ஒலியையும் எழுத்தையும் நொடிக்கு நொடி சேர்த்துக் கட்ட நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் தரும் ஈலான் இருக்கிறது, சொல்லைப் பிரித்து அகராதியாக்க எஸ்ஐஎல் தரும் ஃபீல்டுவொர்க்ஸ் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டும் உள்ளே எக்ஸ்எம்எல்லாகத்தான் சேமிக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு எக்ஸ்எஸ்எல்டி எழுதினால் போதும். அதை எழுதத் தெரிந்தவர்கள் நம் மலையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! அதுதான் என் ஆத்திரமே.

‘இதெல்லாம் எதற்கு, இனி ஏஐ கேட்டுப் புரிந்துகொள்ளும்’ என்றும் ஒரு தம்பி சொன்னார். எதைக் கேட்டு? அது படித்து வளர இணையத்தில் நம் மொழிகளில் போதிய எழுத்து இல்லை. இங்கிலீஷுக்கு மலைமலையாக இருக்கிறது, தமிழுக்குக் குன்றளவு இருக்கிறது, கோத்த மொழிக்குப் பிடியளவும் இல்லை. நம்மிடம் அளவு இல்லாததால், இருக்கிற கொஞ்சமாவது சுத்தமாகவும், யார் சொன்னது என்ற குறிப்போடும் இருக்கவேண்டும். யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் வரைபடத்தில் தோட மொழியும் கோத்த மொழியும் கடைசிக் கட்ட ஆபத்தில் இருப்பவை. 2011 கணக்கெடுப்பில் 1.33 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகச் சொன்ன படுக மொழியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. பதில் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கவேண்டும். சோலூர்ப் பக்கத்துக் கோக்கால், கோத்தரின் ஏழு ஊர்களில் ஒன்று. அவர்கள் வாயில் அது குர்கோஜ். பக்கத்தில்தானே என்று நாம் போய் அவர்கள் சார்பில் சொல் சேகரிக்கக் கூடாது. அங்கேயும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டால் தொழிலைச் சொல்லிக்கொடுப்போம், கோப்பு அவர்களுடையது. தோடரின் மந்துகளுக்கும் அப்படியே. ஊரார் மட்டும் கேட்கவேண்டிய பாட்டு உண்டு, சாவு வீட்டில் மட்டும் சொல்வது உண்டு. நம்மிடமும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பதிவின் ஹெட்டரிலும் இதை யார் பார்க்கலாம், யாரைக் கேட்டுத் தரவேண்டும் என்று ஒரு எலிமென்ட் கட்டாயம் இருக்கட்டும். சொன்னவர் பெயரைப் போட அவர் சம்மதித்தால் பெயர், இல்லாவிட்டால் ஓர் எண். சுள்ளியின் பெயரை எமனோ பதிந்ததால்தான் இன்று நாம் அவரைப் பெயர் சொல்லிப் பேசுகிறோம். கதை சொன்ன எத்தனையோ பேர், ‘தகவலாளி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைபட்டுப் போனார்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். நம் ஹெத்தெ ஹப்பத் திருவிழாவுக்கு லீவு போட்டு எப்படியும் வருவீர்கள். இந்தத் தடவை வரும்போது, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் ஐந்து நிமிஷப் பேச்சு பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிஷம் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம் பதிவு செய்து டேக் போடாமல் வைப்பதைவிட, ஐந்து நிமிஷத்தை ஒவ்வொரு சொல்லாக முடிப்பது மேல். கதையாக இருக்கலாம், விதைக்கிழங்கு எப்படிப் பொறுக்குவது என்பதாக இருக்கலாம், பக்கத்து வீட்டோடு போட்ட வரப்புச் சண்டையாகக்கூட இருக்கலாம். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். உங்களுக்குத் தப்பாகத் தோன்றினாலும் வடிவத்தில் கை வைக்காதீர்கள், உங்கள் கருத்தைக் குறிப்பு எலிமென்டில் எழுதுங்கள். பகுப்பு தெரிந்தவரை போடுங்கள், தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்றே போடுங்கள். காலியாக விட்டால், பார்க்காமல் விட்டதா, பார்த்தும் புரியாததா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முடித்த கோப்பில் ஒரு பிரதி உங்களிடம், ஒன்று அந்த வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

எல்லாருக்கும் பொதுவான ஸ்கீமா ஒன்றை டிஈஐயை ஒட்டி எழுதிவைத்திருக்கிறேன். அதில் குறை இருக்கும். படுக வினைமுற்று ஒவ்வொன்றும் அதில் சரியாக உட்காருமா என்று சோதிக்க எனக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு பத்து வினைச்சொல்லை எடுத்து, எல்லா இடத்துக்கும் காலத்துக்கும் எதிர்மறைக்கும் வடிவம் எழுதி, அந்த ஸ்கீமாவில் வேலிடேட் செய்து பாருங்கள். எங்கே எர்ரர் வருகிறதோ அந்த வரியை எனக்கு அனுப்புங்கள். சண்டை போடவேண்டுமானால் மலையேறுவதற்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள், ஹப்பத்தின்போது பதிவு வேலை இருக்கிறது.

சோலூரிலிருந்து,
உங்கள் தொழில் தெரிந்த ஒரு அண்ணன்